முகவுரையில் இல்லாத பெயர்

(குடியரசு நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



கடந்த ஆண்டு சனவரி 26 அன்று, திருப்பலி முடிந்ததும் எங்கள் கோயில் முற்றத்தில் கொடியேற்றினோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம் அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரையை வாசிக்க, எல்லாரும் திரும்பச் சொன்னோம். மிட்டாய் வாங்கிக்கொண்டு மக்கள் கலைந்துபோகும்போது பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, தப்பா நினைக்காதீங்க. அதுல கடவுள் பேரே இல்லையே. அதைப் போய்க் கோயில் வாசல்ல நின்னு சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவர் பக்தியினால்தான் கேட்டார். அன்று அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1949 அக்டோபர் 17ஆம் நாள், முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 41 பேர், எதிராக 68 பேர். எதிர்த்துப் பேசியவர்களில் கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இருந்தார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தின் காரியம், அதைச் சட்டத்தில் எழுதி எல்லார் மேலும் சுமத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதம் திருச்சபைக்கு அந்நியமானது அல்ல. 16 ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. சமய விஷயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்த உரிமை மனித மாண்பிலேயே வேரூன்றியது என்று அது கற்பிக்கிறது. கடவுளே நம் சம்மதத்தைக் கேட்டுத்தான் நம்மிடம் வருகிறார். அன்னை மரியாவிடமும் அப்படித்தான் வந்தார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பதவியேற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். முகவுரையில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவரைத் தேடுகிறவனுக்குப் பாதை திறந்தே இருக்கிறது.

அடுத்து, அதிகாரம் பற்றிப் பார்ப்போம். எல்லா அதிகாரமும் கடவுளிடமிருந்தே வருகிறது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் 13ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். முகவுரையோ மக்களாகிய நாமே இச்சட்டத்தை நமக்கு வழங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. இரண்டும் மோதுகின்றனவா? இல்லை. அதிகாரத்தின் ஊற்று கடவுள். ஆள்வோரையும் ஆட்சிமுறையையும் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை அவர் மக்களிடம் விட்டிருக்கிறார். இதுவே சங்கத்தின் போதனை. அதிகாரம் கடவுளுடையது என்பதால்தான் ஆள்பவர் அதைத் தன் சொத்தாக நினைக்க முடியாது.

இணைச்சட்டம் 17ஆம் அதிகாரத்தில் ஓர் அருமையான பகுதி உண்டு. இஸ்ரயேலின் அரசன் அரியணை ஏறியதும் திருச்சட்டத்தைத் தனக்கென்று ஒரு படி எழுதிக்கொள்ள வேண்டும். அதை வாழ்நாளெல்லாம் படிக்க வேண்டும். எதற்காக? தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை உயர்த்திக்கொள்ளாதிருப்பதற்காக. சட்டத்துக்கு மேலே அரசன் இல்லை. அவனும் சகோதரருள் ஒருவனே. எழுதப்பட்ட அரசியலமைப்பு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. திருத்தந்தை 23ஆம் யோவானும் 1963இல் எழுதிய 'அவனியில் அமைதி' திருமடலில், மனித உரிமைகளைத் தெளிவாக எழுதி நாட்டின் அரசியலமைப்பில் சேர்ப்பதைப் பாராட்டுகிறார். அறநெறிக்கு முரணான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்றும் அதே மடலில் எச்சரிக்கிறார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு தலைமைச் சங்கத்தின்முன் சொன்னதும் இதைத்தான்.

ஆகவே அரசியலமைப்புச் சட்டம் நமக்கு நற்செய்தி அல்ல. அதைத் திருத்தலாம். நூற்றுக்கும் மேற்பட்ட முறை திருத்தியும் இருக்கிறார்கள். அது தண்டிக்க வழி சொல்லும், உரிமை தரும். ஆனால் ஒருவரை ஒருவர் நேசிக்க வைக்க அதனால் ஆகாது.

அண்ணல் அம்பேத்கருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. முகவுரையில் சகோதரத்துவம் என்ற சொல்லை அவர் தலைமையிலான வரைவுக் குழுதான் சேர்த்தது. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நின்றுவிடும் என்ற கருத்தைச் சொன்னார். அந்தச் சகோதரத்துவத்தை நம்பியே அன்றைய கிறிஸ்தவப் பிரதிநிதிகள் சட்டமன்றங்களில் கிறிஸ்தவர்களுக்கெனத் தனி இடங்கள் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைத் தந்தை ஜெரோம் டிசூசாவும் அந்தச் சபையில் இருந்தார்.

அன்பார்ந்தவர்களே, இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இளங்குருவாக நான் பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு சாதியார், அந்தப் பக்கம் தலித் மக்கள். முப்பது ஆண்டுகள் அந்தக் கோயிலைப் பெருக்கி, பீடத்துக்குப் பூ வைத்த ஒரு பாட்டி இறந்துபோனார். அடக்கத் திருப்பலி எல்லாருக்கும் பொதுவாகத்தான் நடந்தது. நற்கருணை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பாடை வெளியே வந்ததும் வேறு வழியாகத் திரும்பியது. நான் முன்னால் சிலுவையோடு போனேன். ஒன்றும் பேசவில்லை. அந்தச் சுவர் நிற்கும்போதே எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு 1950 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருமுழுக்குப் பெற்றவர்களிடையே வேற்றுமை இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதி ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் அந்தச் சுவரின்முன் நின்றுபோயின. கடவுளின் பெயர் எழுதப்படாத சட்டம் ஒழித்த ஒன்றை, கடவுளின் பெயரைத் தினமும் சொல்லும் நாம் காப்பாற்றி வைத்திருந்தோம்.

1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது. தலித் கிறிஸ்தவரும் தலித் இசுலாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இது அநீதி. ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து நாம் நீதி கேட்பது சரியே. மதம் மாறினாலும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதே நம் வாதம். அந்த வாதத்துக்கு நம் கல்லறைகளே சாட்சியாக இருப்பது எவ்வளவு பெரிய வெட்கம்! 30ஆம் பிரிவு தரும் சிறுபான்மைப் பள்ளி உரிமையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். 17ஆம் பிரிவைப் பற்றியும் நம் பங்குப்பேரவையில் பேச வேண்டும்.

ஆள்வோருக்காக மன்றாடுங்கள் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். இந்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் அதைச் செய்வோம். இந்த வார அன்பியக் கூட்டத்தில் முகவுரையை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். சகோதரத்துவம் என்ற சொல் வந்ததும் சற்று நிறுத்துங்கள். நம் தெருவில், நம் வீட்டுத் திருமணப் பேச்சில், நம் கல்லறைத் தோட்டத்தில் எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான்: ஐயா, கோயில் வாசலில் நின்று அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே ஒரே அப்பத்தில் பங்குகொண்டுவிட்டு வெளியே வரும் நாம், அந்த வாசலில்தான் வெவ்வேறு வழியாகப் பிரிந்து போய்விடுகிறோம்.

இறைவன் நம் நாட்டையும் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.