கவலை போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

அம்பாங் பெச்சாவிலிருந்தும் கெர்லிங், களும்பாங் தோட்டங்களிலிருந்தும் வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கமே இல்ல." எப்போதிலிருந்து என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் என்கிறார்கள். அதற்குள் மந்திரித்த கயிறு கட்டியாகிவிட்டது, செய்வினை எடுத்தாகிவிட்டது, பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையும் பாதி தீர்ந்துவிட்டது. இ.சி.ஜி., ரத்தம், தைராய்டு பார்ப்போம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாடியிருப்பது மனம்.

2019இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023 தேசிய சுகாதார ஆய்வில் அது 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரண்டு மடங்கு.

நினைக்காதே என்றால் நிற்குமா?

"அதையே நினைக்காதம்மா" என்கிறார்கள் வீட்டில். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான். அடக்க அடக்க எண்ணம் கூடுகிறது. அதற்குப் பயந்து முதலில் பஸ் ஏறுவதை நிறுத்துகிறோம், பிறகு கல்யாணம் கருமாதிக்குப் போவதை, கடைசியில் வாசலுக்கு வருவதையே.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் வடிவமைக்கத் தொடங்கிய ஏற்பு, ஈடுபாட்டுச் சிகிச்சை கவலையை விரட்டச் சொல்வதில்லை. வந்த நினைப்பை வந்ததாகப் பார். அது சொல்வதையெல்லாம் நம்பிவிடாதே. உனக்கு எது முக்கியமோ அதற்காக இன்றைக்கே ஒரு காரியம் செய். இப்படி வளைந்துகொடுக்கத் தெரிவதே உளவியல் நெகிழ்வு.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய ஓர் அம்மா, கணவர் போன பிறகு "நான் எல்லாருக்கும் பாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை "'நான் பாரம்'னு ஒரு நெனப்பு வருது" என்று சொல்லிப் பழகச் சொன்னேன். கேட்கச் சாதாரணம்தான். சில வாரம் கழித்து, "நெனப்பு வந்துச்சு டாக்டர், ஆனாலும் பேத்தியை ஸ்கூல் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்" என்றார். படபடப்பு போகவில்லை. அதோடேயே பேத்தியின் கையைப் பிடித்து ரோட்டு முனை வரை நடந்திருக்கிறார்.

சலிக்காமல் சொல்லும் பொய்கள்

"ஏத்துக்கன்னா, தலைவிதின்னு கெடக்கணுமா?" இல்லவே இல்லை. ஏற்கச் சொல்வது உள்ளே எழும் வலியை, அநியாயத்தை அல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொள் என்று இந்தச் சிகிச்சை சொல்லாது. பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் போராடினார்கள். ஏமாற்றம் இல்லாமலா இருந்திருக்கும்? அது தீரட்டும், பிறகு போராடலாம் என்று அவர்கள் உட்காரவில்லை.

"பைத்தியத்துக்குத்தான் இந்த வைத்தியம்." உலக சுகாதார நிறுவனம் 2020இல் மன அழுத்தத்துக்காக வெளியிட்ட படக் கையேடு இதே முறையில் அமைந்தது. அது சாதாரண மக்களுக்காக எழுதப்பட்டது.

"சாக நினைச்சேன்னு சொன்னா போலீஸ் புடிக்கும்." இந்தப் பயத்தாலேயே வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஐயா, அம்மா, சொல்லுங்கள்!

மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்

மைலோ டின்னுக்குள் யார் யாருடைய மாத்திரையையோ போட்டுக் கொண்டுவருகிறார்கள். எது எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. தூக்க மாத்திரை பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. சம்சு சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும். எத்தனை தடவைதான் சொல்வது? டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையையும் "நல்லாயிருச்சு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதாது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை, கட்டிக்கொண்டே வாருங்கள். மனம் விட்டுப் பேச சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555 இருக்கிறது. சாகும் நினைப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் "தைரியமா இரு" என்று சொல்வதை விட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.