பன்னிரண்டு மாடுகளின் வாரிசுகள்

போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவே பியாவோவியெஜா என்றொரு பழங்காடு. ஐரோப்பியக் காட்டெருதான பைசன் அங்கே காலங்காலமாக மேய்ந்து வந்தது. முதல் உலகப்போரும் அதையொட்டி நடந்த வேட்டையும் 1919-க்குள் அந்தக் காட்டையே காலி செய்துவிட்டன. காகசஸ் மலையில் எஞ்சியவையும் 1927-இல் முடிந்துபோயின.

உயிர்க்காட்சிச் சாலைகளில் தப்பிப் பிழைத்த சிலவற்றை வைத்துத்தான் இனத்தை மீட்டார்கள். 1952-இல் பியாவோவியெஜா காட்டுக்குள் மறுபடி விட்டார்கள். இன்று உலகில் 7,000-க்கும் மேல் இருக்கின்றன. பெரிய வெற்றிதான், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால்.

ஆனால் இத்தனையும் வெறும் 12 மாடுகளின் வழித்தோன்றல்கள். பியாவோவியெஜா வம்சமோ 7 மாடுகளிலிருந்து வந்தது. அதிலும் ஒரேயொரு ஜோடியின் மரபணுக்களே பெரும்பங்கு. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்த குடும்பம் போல, மந்தையில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. மரபணுவில் வேறுபாடு குறைந்தால், புதிய நோய் வரும்போது தாக்குப்பிடிக்கும் திறனும் குறையலாம். 1980-களிலிருந்து அங்குள்ள காளைகளின் பிறப்புறுப்பில் கடும் அழற்சி நோய் காணப்படுகிறது. அதற்கு இந்த நெருங்கிய உறவு ஒரு காரணமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

வெளியிலிருந்து புது ரத்தம் சேர்க்கலாமென்றால், வேறு ஐரோப்பிய பைசன் எங்கும் மிச்சமில்லை. ஆகவே 1932-இல் முதலில் அச்சான வம்சாவளிப் பதிவேட்டைப் புரட்டித்தான் எந்தக் காளையை எந்த மந்தைக்கு அனுப்புவது என்று இன்றும் பொருத்தம் பார்க்கிறார்கள்.