பழைய கணினியில் ஒரு பாட்டுப் பெட்டி

1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி, அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலே ஒரு மதுச்சாலையில், லூயி கிளாஸ் என்பவர் புதுமையான பெட்டியொன்றை வைத்தார். எடிசனின் போனோகிராப் யந்திரத்தோடு காசு போடும் அமைப்பையும், காதிலே வைத்துக் கேட்பதற்கு நான்கு குழாய்களையும் சேர்த்தமைத்த பெட்டி அது. ஐந்து சத நாணயத்தை இட்டால் பாட்டு ஒலிக்கும். ஒலியை மின்சாரத்தாற் பெருக்கி மண்டபம் முழுவதும் கேட்கச் செய்யும் பெட்டிகள் 1927இல் வந்தன. நூறு பாட்டுக்களை அடக்கிய பெட்டி 1940களின் இறுதியிலேதான் தோன்றியது. அதுவும் ஓர் அலுமாரியளவு பருமன் உடையதாயிருந்தது. ‘ஜூக் பொக்ஸ்’ என்று உலகம் அறிந்த பெட்டியின் வரலாறு இதுவே.

இன்று வீடுகளிலே மூலையில் ஒதுக்கப்பட்டுத் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினி ஒன்று, அந்த நூறு பாட்டை ஐயாயிரம் பாட்டாக ஆக்கவல்லது. கணக்கு எளிது. இறுவட்டிலே இசையானது ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகின்றது. இவ்வாறு பதிந்த ஒரு நிமிட இசை ஏறக்குறைய பத்தரை மெகாபைற்று இடத்தை அடைத்துக்கொள்ளும். எம்.பி.3 முறையோ மனிதச் செவி உணராத நுணுக்கங்களைக் களைந்து, சாதாரண தரத்தில், நிமிடத்துக்கு ஒரு மெகாபைற்று அளவில் இசையைச் சுருக்கிவிடுகின்றது. எனவே, இன்று யாரும் விலை கொடுத்து வாங்காத 20 கிகாபைற்று வன்தட்டிற்கூட நான்கு நிமிடப் பாட்டுக்கள் ஐயாயிரம் அடங்கும். ஒன்றையும் களையாது காப்பதற்கு ‘பிளாக்’ என்னும் முறை 2001 முதல் உண்டு. அது ஏறத்தாழ அரைவாசி அளவுக்கே சுருக்கும். இடம் போதுமானால் இதுவே மேலானது. களைந்ததை மீளப் பெற வழியில்லை யன்றோ?

பழைய கணினி பழுதானதால் ஒதுக்கப்படுவது குறைவு. புதிய மென்பொருள்களின் பாரத்தை அதனாற் சுமக்க முடியாமையே பெரும்பாலும் காரணம். பாட்டு இசைப்பதற்கோ மிகச் சிறிய வலுவே போதும். இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கின்றது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இவ்வியக்க முறைமையின் கரு, எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத் தக்கது. வேண்டாத பகுதிகளை விலக்கி வேண்டியதை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். திரையிலே படங்காட்டும் பகுதியை முற்றாக நீக்கிவிட்டாலும் அது குறைவின்றி இயங்கும். பென்ரியம் 3, பென்ரியம் 4 போன்ற 32 பிற்றுக் கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 அவற்றில் நிறுவத் தக்கது; 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் அத்தகைய கணினிகளுக்கான நிறுவல் வசதி கைவிடப்பட்டது.

மென்பொருளைப் பற்றி எண்ணுமுன் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. தாய்ப்பலகையிலே சிறு உருளைகள்போல் நிமிர்ந்து நிற்பவை கொள்ளளவிகள். அவற்றின் தலை தட்டையாயிருத்தல் வேண்டும். தலை உப்பியோ, பழுப்பு நிறக் கசிவு படிந்தோ காணப்படின், அப்பலகைக்கு ஆயுள் அதிகமில்லை. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே தரங்குறைந்த கொள்ளளவிகள் ஏராளமான கணினிகளிற் புகுந்துவிட்டமையால் இக்குறை மிகச் சாதாரணம். அடுத்து, மின்வழங்கியின் பின்புறத்திலே 115 என்றும் 230 என்றும் குறித்த சிவப்பு ஆளி இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாயின் அது 115இல் நின்றுவிடலாம். அந்நிலையில் இந்நாட்டின் 230 வோல்ற்று மின்சாரத்தோடு இணைத்தால், பாட்டுக்கு முன் வெடியோசைதான் கேட்கும். மின்வழங்கியின் உட்பெட்டியையோ எக்காரணங் கொண்டும் திறத்தலாகாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உயிரைப் போக்கத்தக்க மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நாணயம்போன்ற வட்ட மின்கலமொன்றும் தாய்ப்பலகையில் உண்டு. அற்பமாகத் தோன்றினும் அதை மாற்றாது விடுவது பெருந்தொல்லை. விசைப்பலகை இல்லாவிடின் பழைய கணினிகள் பல, தொடங்கும்போதே பிழையென்று அறிவித்து நின்றுவிடும். எந்தப் பிழைக்கும் நில்லாது செல்க என்று அடிப்படை அமைப்பிலே குறித்துவைக்கலாம். மின்கலம் செத்திருந்தாலோ, மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அக்குறிப்பு மறந்துபோகும்.

இசைக்கும் பணியை ஏற்கும் மென்பொருள் ‘மியூசிக் பிளேயர் டீமன்’. கண்ணுக்குத் தெரியாமற் பின்னணியிலே உழைக்கும் நிரலைக் கணினித் துறையினர் ‘டீமன்’ என்பர். கதைகளிலே புதையலைக் காத்திருக்கும் பூதத்தைப்போல இதுவும் பாட்டுக் களஞ்சியத்தைக் காத்திருந்து, கேட்டவுடன் எடுத்துத் தருகின்றது. கட்டளையிடும் கருவி வேறு, இசைக்கும் கருவி வேறு என்னும் பிரிவே இதன் சிறப்பு. பெட்டி கூடத்தில் இருக்க, வீட்டு வலையமைப்பின் வழியாகச் சமையலறையிலுள்ள கைத்தொலைபேசி பாட்டை மாற்றலாம். கட்டளையிட்ட கைத்தொலைபேசியை அணைத்துவிட்டாலும் பாட்டு நிற்காது. நிறுவும் வேலை முடிந்தபின் திரையும் விசைப்பலகையும் சுட்டியும் தேவையில்லை. அம்பிளிபயருக்குச் செல்லும் கம்பி ஒன்றே போதும்.

அக்கம்பியை இணைத்தவுடன் பாட்டோடு ‘ம்ம்’ என்ற இடையறாத இரைச்சல் கேட்பதுண்டு. கணினியும் அம்பிளிபயரும் தனித்தனியே புவித்தொடுப்புப் பெற்றிருக்க, ஒலிக்கம்பி அவ்விரண்டையும் மீண்டும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுவதே இதற்குக் காரணமாகும். புவித்தொடுப்புக் கம்பியை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று கூறுவோர் உளர். நிற்பது உண்மை, ஆனால், ஒழுக்கு ஏற்படும் நாளில் அப்பெட்டியின் உலோக உடலைத் தொடுபவரைக் காப்பதற்கு எதுவும் இராது. ஒலிக்கம்பியின் நடுவே சிறிய தனிப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றை இடுவதே முறையாகும்.

இறுவட்டுக்களிலிருந்து பாட்டை எடுப்பது விரைவான வேலை. கசெற் நாடாக்களோ பொறுமையைச் சோதிப்பன. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டே ஆகவேண்டும். கசெற் யந்திரத்தின் கம்பியைக் கணினியின் இளநீலத் துவாரத்திற் செருகவேண்டும். ரோசா நிறத் துவாரம் ஒலிவாங்கிக்கு உரியது. அதிற் செருகினால் ஒலி சிதைந்து கேட்கும். பதிவின் அளவு உச்சக் கோட்டைத் தாண்டாமற் பார்ப்பதும் அவசியம். தாண்டிய இடத்தில் ஒலியலையின் முடி வெட்டுண்டு போகும். பின்னர் அதை முழுமையாக மீட்க இயலாது. கடைகளிலே கிடைக்கும் பாட்டுக்களை விட்டு, வேறெங்கும் பிரதியில்லாத நாடாக்களை முதலில் பதிதல் வேண்டும். பாட்டியின் தாலாட்டு, கோயில் மேளக் கச்சேரி, வெளிநாடு சென்ற பிள்ளை நாடாவிற் பேசி அனுப்பிய கடிதம் ஆகியன அத்தகையன.

இப்பெட்டி இலவசமாக வருவதுபோலத் தோன்றினாலும் அதற்கும் உணவு வேண்டும். ஐம்பது உவாற்று வலுவை உண்ணும் கணினி இரவுபகலாக இயங்கினால் மாதத்துக்கு 36 அலகு மின்சாரம் செலவாகும். ஐந்து உவாற்றளவில் இயங்கும் சிறு ஒற்றைப் பலகைக் கணினிக்கு நான்கு அலகுகூட வேண்டியதில்லை. ஆதலின், கேட்கும் வேளையில் மாத்திரம் பழைய பெட்டியை இயக்குவதே சிக்கனம். முகப்பிலுள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் லினக்ஸ் தன் வேலைகளை ஒழுங்காக முடித்துக்கொண்டு அணையும்படி அமைக்கலாம். மறுநாள் இயக்கும்போது, விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடரும்.

பழைய வன்தட்டு எந்நாளிற் சாகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுமாயின் காலம் நெருங்கிவிட்டது. பல தட்டுக்கள் அந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஆகவே, பதியப்பட்ட இசை முழுவதையும் இன்னொரு வன்தட்டிற் பிரதிசெய்து, அதைக் கணினியோடு இணைத்துவையாமல் வேறிடத்தில், இயலுமாயின் உறவினர் வீட்டில், வைத்தல் வேண்டும். மின்னல் தாக்கினால் இணைந்திருக்கும் இரண்டு தட்டுக்களும் ஒருங்கே போய்விடக் கூடும். புதிதாகப் பாட்டுச் சேரும்போதெல்லாம் அப்பிரதியையும் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். அப்பிரதி கைக்கு வரும்வரையில், பதிந்து முடிந்த நாடாக்களை எறிந்துவிடலாகாது.