மலையேறும்போது திணறும் பிக்கப்: கோளாறு இன்ஜினிலா, வயரிலா?

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிவிட்டால் தோட்டத்தில் போட்டு வைக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் கிழங்கின் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடிவிடும். மாவுச்சத்து இறங்கும். ஜவ்வரிசி ஆலையில் பாயின்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதமும் விவசாயியின் கையைக் கடிக்கும். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழை, ஆள் கூலி, விலை என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக் கிழங்கைப் பிடுங்குவார்கள். கடைசியில் வண்டி வந்து சேராமல் போய்விடும்.

கடந்த பருவத்தில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தபோது அதைத்தான் பார்த்தேன். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளாகக் குவியலாகக் கிடந்தது. ஏற்ற வேண்டிய பிக்கப், கச்சிராயபாளையத்திலிருந்து மேலே வரும் பாதையில் பாதி தூரத்தில் நின்றிருந்தது. "வளைவுல திரும்பினா இன்ஜின் அப்படியே அடங்கிடுது சார். டீசல் ஃபில்டர் மாத்திட்டேன், கிளட்ச் மாத்திட்டேன், 18 ஆயிரம் போயிடுச்சு" என்றார் வண்டியின் சொந்தக்காரரான விவசாயி. பழைய வண்டியாக வாங்கி ஓட்டுகிறார்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அவரிடம் கேட்ட கேள்வி, வயலில் தினமும் கேட்கிற கேள்விதான். மரவள்ளி இலை மஞ்சளாகிறது என்று யாராவது சொன்னால், உடனே உரம் எழுதிக் கொடுக்க மாட்டோம். கீழே உள்ள பழைய இலையா, நுனியில் உள்ள இளம் இலையா என்று கேட்போம். பழைய இலையில் தொடங்கினால் தழைச்சத்துக் குறைவு; குருத்தில் தொடங்கினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நிறம் ஒன்றுதான். எங்கே, எப்போது தொடங்குகிறது என்பதுதான் காரணத்தைக் காட்டும். வண்டிக்கும் அதே முறை பொருந்தும்.

"எல்லா வளைவிலுமா அண்ணே? பாரம் இருக்கும்போதா, காலியா இருக்கும்போதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வலது பக்கம் திரும்பும்போதுதான் சார். லோடு இருந்தா அவ்வளவா வர்றதில்ல. முதல்ல மஞ்சள் லைட்டு விட்டு விட்டு எரியும், வண்டி அடங்கும். அப்புறம் லைட்டு நின்னு எரியும், வண்டி சரியாயிடும்."

பாதி விடை அதிலேயே இருந்தது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ன செய்கிறது?

பழைய பிக்கப் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்காது. சில மாடல்களில் உண்டு. ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிகளில் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்க சென்சார்கள் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தை சென்சார் படித்து, சிறு கணினிக்குத் துடிப்புகளாக அனுப்பும். மற்ற சக்கரங்களைவிடப் பின்சக்கரம் ஒன்று வேகமாகச் சுற்றினால், அது தரையைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று கணினி முடிவு செய்யும். அந்தச் சக்கரத்துக்கு லேசாக பிரேக் போடும், அல்லது இன்ஜினுக்குப் போகும் டீசலைக் குறைக்கும். ஈரமான மலைப்பாதையில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகாமல் காப்பது இதுதான்.

ஆனால் சென்சார் தவறான செய்தி அனுப்பினால், சக்கரம் வழுக்காமலேயே கணினி இன்ஜினை அடக்கிவிடும். ஓட்டுநர் இன்ஜின் கெட்டுவிட்டது என்று நினைப்பார். கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டி திடீரென வலுவிழந்தால் பின்னோக்கி உருளும். கிழங்கு கெடுவதைவிடப் பெரிய ஆபத்து அது.

விளக்கைப் படியுங்கள்

* விளக்கு விட்டு விட்டு எரிந்தால், கணினி அந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று பொருள். ஈரத்தில், சேற்றில், காலி வண்டியில் இப்படி எரிந்தால் கோளாறு இல்லை. காய்ந்த தார்ச் சாலையில் மெதுவாக ஏறும்போது எரிந்தால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

* நிலையாக எரிந்தால், கணினி கோளாறைக் கண்டு தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். வண்டி ஓடும், வழுக்கினால் காப்பாற்ற அது வராது.

* ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் சக்கர சென்சார், அதன் வயர் அல்லது பல் வளையம்.

* இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் இன்ஜின் கோளாறைப் பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் கோளாறு வந்தாலே டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நின்றுவிடும்.

* சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். மலையிலிருந்து இறங்கவே கூடாது.

முதலில் டயர்

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியா என்று பாருங்கள். பின்னால் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் போட்டு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். சிறிய டயர் அதிக முறை சுற்றும். கணினிக்கு அது வழுக்கல் போலத் தெரியும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். தரையிலும் கோடு போடுங்கள். டயர்க் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் தரைக்கு வரும்வரை வண்டியை நேராகத் தள்ளி, ஒவ்வொரு சக்கரமும் உருண்ட தூரத்தை டேப்பால் அளங்கள். ஒரே அளவு டயர் என்றால் நான்கு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பல செ.மீ. குறைந்தால் அந்த டயரைக் கவனியுங்கள். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு 1.6 மி.மீ. உயரம் கொண்டது. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அப்படித் தேய்ந்த டயர் மழையில் நிஜமாகவே வழுக்கும். அதற்குக் கணினியைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து வயர்

சாவியை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் பாருங்கள். சென்சாரிலிருந்து மெல்லிய வயர் ஒன்று சட்டத்துக்குப் போகும். நம் பகுதி வண்டிகளில் அது கெடும் வழிகள் இவை:

* சேற்று வயலில் இறங்கி ஏறியதும் மண் அப்பிக்கொள்வது. சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தாலும் துடிப்பு குறையும்.

* மாட்டுக் கொட்டகை, நெல் மூட்டை அருகில் நிறுத்திய வண்டியில் எலி கடிப்பது.

* வீல் பேரிங் ஆடுவது. சக்கரம் ஆடினால் சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறும்.

* பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது. கூண்டு உயர்த்தும்போது இது அடிக்கடி நடக்கிறது. கணினியே கெட்டுப்போகலாம்.

* அதிக பாரத்துக்காகப் பின்னால் கூடுதல் பட்டை சேர்ப்பது.

நான் பார்த்த வண்டியில் கடைசிக் காரணம்தான். பட்டை சேர்த்ததில் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. வலது பின்சக்கர வயர் நீளம் போதாமல் விறைப்பாக நின்றது. வலது பக்கம் திரும்பும்போது வண்டி இடதுபுறம் சாயும், வலது பக்கம் இன்னும் தூக்கும், வயர் இழுபடும். உள்ளே கம்பி அறுந்து, தொட்டும் விட்டும் இருந்தது. தாறுமாறான துடிப்பைப் பார்த்த கணினி, சக்கரம் சுழல்வதாக நினைத்து இன்ஜினை அடக்கியது. சில நொடியில் தவறை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொண்டது. அதனால்தான் விளக்கு நின்று எரிந்ததும் வண்டி சரியானது. பாரம் ஏற்றினால் வண்டி தாழும், வயர் தளரும். அப்போது கோளாறு குறையும்.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் இதை உறுதி செய்தார். வயரை நீட்டிச் சாலிடர் செய்து, உறை போட்டு, கிளிப் அடித்தார். செலவு 600 ரூபாய்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

"லைட்டை அணைத்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். கோளாறுக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும், கோளாறு இருக்கும். "வண்டி நேராக 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எல்லாச் சக்கர வேகத்தையும் ஸ்கேனரில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எது தனியாகத் துள்ளுகிறதோ அங்கேதான் வேலை. அந்த வயரைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் சென்சார் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

சேற்றில் சிக்கினால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் பொத்தான் உள்ள வண்டிகளில் அதை அணைத்து வெளியே எடுக்கலாம். சாலைக்கு வந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள். கோளாறு தீரும்வரை கிழங்கு மூட்டை மேல் ஆள் ஏற்றாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடாமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடைத் தேதி குறிக்கும்போது வண்டியின் நிலையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வளைவில், எவ்வளவு பாரத்தில், ஈரத்திலா காய்ந்த சாலையிலா என்று ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளிமலைக்காரர் அன்று மாலையே கிழங்கை ஏற்றினார். மூன்றாம் நாள் ஆலைக்குப் போன லோடு அது. பாயின்ட் குறைத்துத்தான் போட்டார்கள். வலதா இடதா என்று பத்து நாள் முன்பே யாராவது கேட்டிருந்தால் அந்த 18 ஆயிரமும் கிழங்கின் விலையும் அவர் கையிலேயே இருந்திருக்கும்.