தலைப்பிள்ளையும் உப்புப் பானையும்

மரக்காணம் உப்பளங்களை அடுத்த ஊர்களில் கடல் உப்புக்குப் பஞ்சமில்லை. தலைப்பிள்ளையை எதிர்நோக்கும் தம்பதியர் பால், கீரை, ஓய்வு என்று பலவற்றைக் கவனிப்பர். உப்புப் பானையையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

தாயின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே தன் ஹார்மோனை உண்டாக்குகிறது. கருவின் மூளை வளர்ச்சிக்கு இது இன்றியமையாதது. முதல் மூன்று மாதங்களில் கரு தாயின் ஹார்மோனையே நம்பியுள்ளது. எனவே பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதுமென்றால், கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் தேவை.

கடல் உப்பில் அயோடின் இராதா? ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் சுமார் 35 கிராம். அயோடினோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான். அதிலும் பெரும்பகுதி, பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. முழுவதும் உப்போடு சேர்ந்தாலும், 5 கிராமில் 10 மைக்ரோகிராம்கூடத் தேறாது.

இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதை மெய்ப்பித்தது. இன்று வீட்டுக்கு வரும் அத்தகைய உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அதாவது, 5 கிராமில் 75 மைக்ரோகிராம்.

ஆகவே பொட்டலத்தில் ‘அயோடின் கலந்தது’ என்றிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஈரமும் அடுப்புச் சூடும் படாமல் மூடி வையுங்கள். சமையல் முடியும் தறுவாயில் சேருங்கள். உப்பின் அளவைக் கூட்ட வேண்டாம்; கடல்மீன், பால், முட்டை ஆகியவையும் அயோடின் தரும். ஐயமிருப்பின் மருத்துவரைக் கேளுங்கள்.