வேரோடு வந்த முடி

திருத்தணி மலையில் மொட்டையடித்தவர்களின் முடி குவிந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு முடியை எடுத்து, இது யாருடையது என்று கேட்டால் ஆய்வகம் திணறும். கத்தி பட்டு வந்த முடியில் வேர் இல்லை. ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ வேரில் ஒட்டிய செல்களில்தான் நிறைய இருக்கிறது. தண்டில் மிஞ்சுவது பெரும்பாலும் தாய்வழி வரும் டிஎன்ஏதான்; ஒரே தாயின் பிள்ளைகளை அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. கைகலப்பில் பிடுங்கப்பட்ட முடி என்றால் வேரோடு வரும். அந்த ஒற்றை முடியே ஆளைக் காட்டிவிடும்.

ரத்தக் கறையை ஆராய்வதில் படிகள் உண்டு. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஒரு வேட்டியில் சிவப்புக் கறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பினாப்தலீன் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வந்தால், ரத்தமாக இருக்கலாம் என்று மட்டுமே பொருள். ஆடித் திருவிழாவில் வெட்டிய ஆட்டின் ரத்தமும் அதே நிறத்தைத்தான் காட்டும். மனித ரத்தத்தோடு மட்டும் சேரும் எதிர்ப்பொருளை வைத்து அடுத்த சோதனை. அதன் பிறகுதான் யாருடையது என்ற கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு கண்ட முக்கியமான பதில் பிரேமானந்தா வழக்கு. விராலிமலை அருகே இருந்த ஆசிரமத்தின் தலைவர் பிரேமானந்தா 1994-இல் கைதானார். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கரு, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்துக்குப் போனது. பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி தாயுடையது. தாயிடம் இல்லாத மீதி தந்தையிடம் இருந்தே தீர வேண்டும். அது பிரேமானந்தாவிடம் இருந்ததாக விஞ்ஞானி லால்ஜி சிங் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்து வாதாடியது. புதுக்கோட்டை நீதிபதி ஆர்.பானுமதி லால்ஜி சிங்கின் முடிவை ஏற்று, 1997-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை உறுதிசெய்தது. ஆசிரமத்தை நம்பி வந்த பிள்ளைகளின் சொல்லுக்கு, மறுக்க முடியாத துணையாக அந்தச் சிறு திசு நின்றது. அதைக் கெடாமல் எடுத்து வைத்த கைகளை நான் மறக்கமாட்டேன்.

கெடாமல் வைப்பதில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. ஈரமான ரத்தத் துணியை பாலிதீன் பையில் கட்டினால், உள்ளே புழுக்கத்தில் பாக்டீரியா பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி உறை. எடுப்பவருக்குப் புதுக் கையுறை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை முழுமையாகச் செயல்படுத்த 5 ஆண்டு அவகாசம் உண்டு. நிபுணர் வந்து சேரும்வரை அந்த இடம் ஊர்க்காரர்களின் கையில். சவத்தை எடுத்த கையோடு வாசலைக் கழுவிச் சாணம் தெளிப்பது நம் வழக்கம். சந்தேகச் சாவு நடந்த வீட்டில் மட்டும், போலீஸ் சொல்லும்வரை அந்தக் குடம் தண்ணீர் காத்திருக்கட்டும்.