இரத்தப் பரிசோதனைக்கும் ஓர் எடைக்கல்!

சந்தையில் உள்ள தராசு சரியானதா என்று எப்படிச் சோதிப்பீர்கள், மாணவர்களே? ஒரு கிலோ என்று உறுதியாகத் தெரிந்த எடைக்கல்லை அதில் வைத்துப் பார்ப்பீர்கள். இரத்தத்தில் கலந்துள்ள பாதரசத்தை அளக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அப்படி ஓர் ‘எடைக்கல்’ உண்டு. அதுதான் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்.

சுறா போன்ற பெரிய மீன்களை அடிக்கடி உண்டால் உடலில் மெத்தில் பாதரசம் சேரும். அது கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ஜப்பானில் 1956இல் கண்டறியப்பட்ட மினமாத்தா நோய்க்குக் காரணமும் இதுவே.

ஆனால், இதை அளப்பது எளிதன்று. பலருடைய இரத்தத்தில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும். அதாவது, நூறு கோடியில் சில பங்கு! நூறு கோடி வினாடிகள் என்பது ஏறக்குறைய 32 ஆண்டுகள். மேலும், பாதரசம் ஆவியாகிவிடும். குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் தங்கி, அடுத்த மாதிரியின் அளவைக் கூட்டிக் காட்டும்.

அமெரிக்காவின் ‘நிஸ்ட்’ நிறுவனம் ஆட்டு இரத்தத்தைக் கொண்டு ‘955சி’ என்ற ஒப்பீட்டுப் பொருளைத் தயாரித்தது. ஏன் தண்ணீரில் தயாரிக்கவில்லை? இரத்தத்திலுள்ள புரதமும் உப்பும் கருவியின் அளவீட்டை மாற்றக்கூடும். எனவே, ஒப்பிடும் பொருளும் இரத்தமாகவே இருப்பது நல்லது.

நோயாளிகளின் மாதிரிகளோடு இதையும் கருவியில் சோதிப்பார்கள். கிடைக்கும் அளவு, சான்றிதழில் உள்ள எல்லைக்குள் இருந்தால் முடிவுகளை நம்பலாம். இல்லையென்றால் தவறு எங்கே என்று தேடவேண்டும்.

கருவி குறைத்துக் காட்டினால் ஆபத்து மறைந்துபோகும். கூட்டிக் காட்டினாலோ, ஒரு கர்ப்பிணித் தாய் சத்தான மீன் உணவை வீணாகக் கைவிட நேரும். அதைத் தடுப்பது அந்தச் சிறு குப்பிதான்.